"குவாண்டம் கணினி வரட்டும், பார்க்கலாம்" என்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவப் பதிவுகள், வங்கிக் கணக்குகள், காப்பீட்டுக் கோப்புகள், அடையாள ஆவணங்கள் என்று அடுத்தவர் விவரங்களைச் சேமித்து வைத்திருக்கும் நிறுவனங்களின் தலைவர்களுக்கும், அங்கே பட்ஜெட்டில் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

நான் நெட்வொர்க் பராமரிப்பில் இருப்பவன். சர்வர், ஃபயர்வால், சான்றிதழ் என்று இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. உங்களைப் போன்றவர்கள் நடத்தும் கூட்டங்களில் நானும் இருந்திருக்கிறேன். பெரும்பாலும் கடைசி வரிசையில். புரொஜெக்டர் வேலை செய்யாவிட்டால் மட்டும் முன்னால் கூப்பிடுவார்கள். தகவலை அடுத்தவர் படிக்க முடியாமல் மறைக்கும் இன்றைய பூட்டுகளில் பலவற்றை உடைக்கக்கூடிய புதுவகை இயந்திரம் குவாண்டம் கணினி. அந்தச் சொல் எழுந்தாலே அந்தக் கூட்டங்களில் ஒரு மெல்லிய சிரிப்பு பரவும். "அது வர இன்னும் பத்துப் பதினைந்து வருஷம் ஆகும். வரட்டும், பார்க்கலாம்" என்று ஒருவர் சொல்வார். எல்லோரும் தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவோம்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்த மடல்.

அதில் சொல்லப்படும் வருஷக் கணக்கோடு எனக்குச் சண்டை இல்லை. பத்தோ, பதினைந்தோ, முப்பதோ, உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. "வந்த பிறகு பார்க்கலாம்" என்பதுதான் இடிக்கிறது. ஒரு கோப்பை எடுத்துக்கொள்வோம்: ஒருவரின் மரபணுப் பரிசோதனை முடிவு. அது அவர் இருக்கும்வரை ரகசியம். அதில் பாதி அவருடைய பிள்ளைகளுக்கும் உண்டு என்பதால் அவர் காலத்துக்குப் பிறகும் ரகசியம். குறைத்தே கணக்கிட்டு ஐம்பது வருஷம் என்று வைப்போம். உங்கள் நிறுவனத்தில் உள்ள மறையாக்கப் பூட்டுகள் எல்லாவற்றையும் மாற்றி முடிக்க எட்டு வருஷம் ஆகும் என்று வைப்போம். (நீங்கள் மூன்று என்பீர்கள். நான் பார்த்தவரை எட்டு.) மாற்றும் கடைசி நாளில் பழைய பூட்டோடு போனதும் அதற்குப் பிறகு ஐம்பது வருஷம் ரகசியமாக இருக்க வேண்டும். மொத்தம் 58 வருஷம். குவாண்டம் கணினி 58 வருஷத்துக்குள் வராது என்று அடித்துச் சொல்ல உங்களால் முடிந்தால் இந்த மடலை இங்கேயே மடித்து வைத்துவிடலாம்.

இந்தக் கணக்கு என்னுடையதல்ல. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிக்கேல் மோஸ்கா பல வருஷங்களாகச் சொல்லி வருவது. ரகசியம் நிலைக்க வேண்டிய காலமும் பூட்டை மாற்ற ஆகும் காலமும் சேர்ந்து, குவாண்டம் கணினி வர ஆகும் காலத்தைவிட அதிகமாக இருந்தால் நீங்கள் ஏற்கெனவே தாமதமாகிவிட்டீர்கள். கூட்டல் மட்டும் தெரிந்தால் போதும்.

சரி, எந்தப் பூட்டு உடையும், எது உடையாது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "எல்லா மறையாக்கமும் போச்சு" என்று பயமுறுத்துகிறவர்களை நம்ப வேண்டாம். ஒரு தகவலைப் பூட்டி அனுப்பும்போது இரண்டு வேலை நடக்கிறது. முதலில், முன்பின் தெரியாத இரண்டு கணினிகள் திறந்த வெளியில் பேசியே ஒரு ரகசியச் சாவியில் உடன்பட வேண்டும். அப்புறம் அந்தச் சாவியால் தகவலைப் பூட்ட வேண்டும். இரண்டாவது வேலையை ஏ.இ.எஸ். போன்ற முறைகள் செய்கின்றன. குவாண்டம் கணினி வந்தாலும் 256 பிட் சாவியுள்ள ஏ.இ.எஸ். தாக்குப்பிடிக்கும். 1996-இல் லவ் குரோவர் கண்டுபிடித்த தேடல் முறை அதன் பலத்தைக் காகிதத்தில் பாதியாக்கும். மீதமுள்ள 128 பிட்டே யாராலும் தொட முடியாத தூரம்.

ஆபத்து முதல் வேலையில்தான். ஆர்.எஸ்.ஏ., டிஃபி-ஹெல்மன், நீள்வட்ட வளைவு என்று இன்று நாம் நம்பியிருக்கும் சாவிப் பரிமாற்ற முறைகள் எல்லாம் இரண்டு கணக்குகளில் ஏதாவது ஒன்றின் மேல் நிற்கின்றன: பெரிய எண்ணைக் காரணிகளாகப் பிரிப்பது, அல்லது டிஸ்க்ரீட் லாகரிதம் (விடையிலிருந்து பின்னோக்கிப் போய் அடுக்கைக் கண்டுபிடிப்பது). 1994-இல் பீட்டர் ஷோர் இரண்டுக்கும் சேர்த்து வழி காட்டிவிட்டார். போதுமான அளவு பெரிய, பிழை திருத்தும் குவாண்டம் கணினி ஒன்று கையில் இருந்தால் இரண்டு கணக்கையும் போட்டு விடை எடுத்துவிடலாம். மின்னணுக் கையொப்பங்களுக்கும் இதே கதிதான். ஆக, முப்பது வருஷமாக அந்தப் பூட்டின் கள்ளச்சாவிக்கு வரைபடம் வெளியில் கிடக்கிறது. சாவியை வார்க்கும் பட்டறைதான் இன்னும் இல்லை.

பெட்டியை உடைக்கத் தெரியாத திருடன் என்ன செய்வான்? பெட்டியோடு தூக்கிக்கொண்டு போவான். பட்டறை வரும்வரை வீட்டில் வைத்திருப்பான். உங்கள் தகவல் கேபிள் வழியாகப் போகும்போது நகலெடுத்துவைக்க இன்று எந்தக் குவாண்டம் கணினியும் தேவையில்லை. ஹார்டு டிஸ்க் இருந்தால் போதும், அதன் விலையும் குறைந்துகொண்டே வருகிறது.

இது கற்பனை என்று நினைக்கிறவர்கள் வெனோனா திட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் படியுங்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சோவியத் தந்திகளை அமெரிக்கா சேகரித்து வைத்தது. படிக்க முடியவில்லை, ஆனாலும் தூக்கிப் போடவில்லை. ஒரு முறை மட்டுமே பயன்படுத்த வேண்டிய சாவித்தாள்களைச் சோவியத் தரப்பு அவசரத்தில் இரட்டிப்பாக அச்சடித்துவிட்டது பின்னால் தெரியவந்தது. 1943-இல் தொடங்கிய வேலை 1980 வரை நடந்தது. 1940-களில் அனுப்பிய தந்திகளுக்காக இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தார்கள். பொறுமை உள்ளவனுக்குப் பழைய காகிதம் குப்பை ஆவதில்லை.

இந்த இடத்தில் உங்கள் தொழில்நுட்ப அதிகாரி குறுக்கிடுவார்: "நம்மிடம் ஃபார்வர்டு சீக்ரசி இருக்கிறது, ஒவ்வொரு இணைப்புக்கும் புதுச் சாவி உண்டாகிறது, பழைய உரையாடலை யாரும் திறக்க முடியாது." நல்ல ஏற்பாடுதான். நாளை யாராவது சர்வரின் நிரந்தரச் சாவியைத் திருடினால் நேற்றைய உரையாடல்களைத் திறக்க முடியாது, அதுவரை சரி. ஆனால் ஷோர் வழியில் வருகிறவனுக்குச் சர்வரின் சாவியே வேண்டாம். அந்தப் புதுச் சாவிக்காக இரண்டு கணினிகளும் திறந்த வெளியில் பரிமாறிக்கொண்ட எண்கள் பதிவில் இருக்கின்றன. அவற்றிலிருந்தே கணக்குப் போட்டுச் சாவியை எடுத்துவிடுவான். இணைப்புக்கு ஒரு கணக்கு என்பதால் அவனுக்கு வேலை கூடும், அவ்வளவுதான். யாருடைய உரையாடலுக்கு முதலில் கணக்குப் போடுவான் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தப் பட்டறை எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்பதே சுருங்கிக்கொண்டு வருகிறது. 2019-இல் கிரெய்க் கிட்னியும் மார்ட்டின் எக்கெராவும் போட்ட கணக்கின்படி, 2048 பிட் ஆர்.எஸ்.ஏ. பூட்டை 8 மணி நேரத்தில் உடைக்க 2 கோடி க்யூபிட்கள் (குவாண்டம் கணினியின் அடிப்படை அலகுகள்) தேவை. 2025 மே மாதம் அதே கிட்னி மறுபடி கணக்குப் போட்டார்: ஒரு வாரத்துக்குள் உடைக்க 10 லட்சத்துக்கும் குறைவான க்யூபிட்கள் போதும். இன்றைய இயந்திரங்கள் அதற்கு அருகில்கூட வரவில்லை, உண்மைதான். ஆனால் ஆறு வருஷத்தில் தேவை இருபதில் ஒரு பங்காகக் குறைந்தது புது இயந்திரத்தால் அல்ல, காகிதத்தில் எழுதிய கணக்கால். இயந்திரம் ஒரு பக்கம் வளர, தேவை மறுபக்கம் சுருங்க, இரண்டும் எங்கே சந்திக்கும் என்பதை விற்பனைப் பிரதிநிதியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது.

சந்தித்த நாளன்று யாரும் மணியடித்துச் சொல்வார்கள் என்றும் எதிர்பார்க்காதீர்கள். ஆர்.எஸ்.ஏ. முறை 1977-இல் கண்டுபிடிக்கப்பட்டது என்றுதான் உலகம் இருபது வருஷம் நம்பியிருந்தது. பிரிட்டனின் உளவு நிறுவனமான ஜி.சி.எச்.க்யூ.வில் கிளிஃபர்டு காக்ஸ் என்ற கணித அறிஞர் 1973-லேயே அதே வழியைக் கண்டுபிடித்திருந்தார். 1997-இல்தான் வெளியே சொன்னார்கள். பூட்டைச் செய்ததையே இருபத்துநான்கு வருஷம் மறைத்தவர்கள், பூட்டைத் திறந்ததை அன்றைக்கே அறிவிப்பார்களா?

எட்டு வருஷம் என்று ஏன் சொன்னேன் என்பதற்கு வருகிறேன். இதுதான் என் வயிற்றெரிச்சல், கொஞ்சம் நீளமாகவே சொல்லிக்கொள்கிறேன். எஸ்.ஹெச்.ஏ.-1 என்ற ஹாஷ் முறை (ஒரு கோப்புக்குக் கைரேகை போல ஒரு சிறு மதிப்பைத் தருவது) பலவீனமானது என்று 2005-இல் சீனக் கணித அறிஞர் வாங் ஷியாவ்யுன் தலைமையிலான குழு காட்டியது. 2017-இல் ஒரே எஸ்.ஹெச்.ஏ.-1 மதிப்பு வரும் இரண்டு பி.டி.எஃப். கோப்புகளைச் செய்தே காட்டிவிட்டார்கள். அதற்கும் பிறகு, நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் அதை நீக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. சர்வர்களில் எல்லாம் இரண்டே வாரத்தில் முடிந்தது. அப்புறம் ஒரு கண்ணாடிக் கதவின் பக்கத்தில் இருந்த வருகைப்பதிவுப் பெட்டி பேச மறுத்துவிட்டது. பழைய சான்றிதழைத் தவிர வேறெதுவும் அதற்குப் புரியாது. செய்த கம்பெனி கடையை மூடியிருந்தது. அந்தப் பெட்டி எந்தத் துறைக்குச் சொந்தம் என்பதே யாருக்கும் தெரியவில்லை. பராமரிப்புத் துறை மனிதவளத் துறையைக் கைகாட்டியது, அவர்கள் எங்களைக் கைகாட்டினார்கள். ஒன்றரை வருஷம். ஒரு கதவுக்காக மொத்த நிறுவனமும் பலவீனமான முறையைத் திறந்து வைத்திருந்தது.

அது ஒரேயொரு ஹாஷ் முறை. இப்போது மாற்ற வேண்டியது வி.பி.என்., மின்னஞ்சல், பேக்கப், கிளை அலுவலக இணைப்புகள், மொபைல் செயலிகள், கட்டணக் கருவிகள், மருத்துவக் கருவிகள், மூன்றாம் தரப்பு நிறுவனங்களோடு உள்ள இணைப்புகள் என்று எங்கெல்லாம் பொதுச்சாவி (ஷோர் வழியில் உடையும் அந்த முறைகள்) ஒளிந்திருக்கிறதோ அங்கெல்லாம். எட்டு வருஷம் என்றது எனக்கே குறைவாகப் படுகிறது.

நல்ல செய்தியும் இருக்கிறது: புதுப் பூட்டுகள் தயார். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2016-இல் உலகம் முழுவதற்கும் அழைப்பு விடுத்தது. முதல் சுற்றில் ஏற்கப்பட்டவை 69. உலகெங்கும் உள்ள கணிதக்காரர்கள் அவற்றை வருஷக்கணக்கில் குத்திக் கிழித்தார்கள். மிஞ்சியவற்றிலிருந்து 2024 ஆகஸ்ட் 13 அன்று மூன்று தரநிலைகள் வெளியாயின. சாவிப் பரிமாற்றத்துக்கு எம்.எல்.-கெம், கையொப்பத்துக்கு எம்.எல்.-டி.எஸ்.ஏ.வும் எஸ்.எல்.ஹெச்.-டி.எஸ்.ஏ.வும். முதல் இரண்டும் பல நூறு பரிமாணங்கள் கொண்ட கட்டமைப்புக்குள் மிக அருகிலுள்ள புள்ளியைத் தேடுவது போன்ற கணக்குகளின் மேல் நிற்பவை. அதற்குக் குவாண்டம் குறுக்குவழி எதையும் இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. மூன்றாவது ஹாஷ் முறைகளை மட்டுமே நம்புவது. எச்சரிக்கையான தேர்வு, ஆனால் பாரம் அதிகம். இவை எல்லாமே சாதாரணக் கணினியில் ஓடும் மென்பொருள்கள். குவாண்டம் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை.

"புதுக் கணக்குதானே, அதுவும் உடைந்தால்?" நியாயமான கேள்வி, உண்மையில் நடந்தும் இருக்கிறது. ரெயின்போ என்ற கையொப்ப முறை நிஸ்ட் போட்டியின் மூன்றாவது சுற்றுவரை வந்தது. 2022-இல் வார்டு பூலன்ஸ் என்ற ஆய்வாளர் அதன் ஒரு வடிவத்தைச் சாதாரண மடிக்கணினியால் ஒரு வார இறுதியில் உடைக்கலாம் என்று காட்டினார். அதே வருஷம் சைக் என்ற சாவிப் பரிமாற்ற முறையின் ஒரு வடிவத்தை வவுட்டர் காஸ்ட்ரிக், தாமஸ் டெக்ரு இருவரும் ஒற்றைக் கோரில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் உடைத்தார்கள். குவாண்டம் கணினியெல்லாம் இல்லை, பழைய கணிதம்தான். இதைச் சொல்லிப் பலர் காத்திருக்கச் சொல்கிறார்கள். எனக்கு இது நேரெதிராகப் படுகிறது. தரநிலையாக வெளிவருவதற்கு முன்பே உடைந்தன, அதற்காகத்தான் அத்தனை வருஷம் அடித்துப் பார்த்தது. அப்படியும் சந்தேகம் இருந்தால், அதற்குத்தான் கலப்பு முறை: பழைய நீள்வட்ட வளைவும் புது எம்.எல்.-கெம்மும் சேர்ந்து ஒரே சாவியை உண்டாக்குகின்றன. திருடன் இரண்டையும் உடைத்தால்தான் உள்ளே வர முடியும். புதியது நாளைக்கே பொய்த்தாலும் இன்றிருக்கும் பாதுகாப்பிலிருந்து நீங்கள் ஒரு படிகூடக் கீழே இறங்குவதில்லை.

இது சோதனைச்சாலைச் சமாச்சாரமும் இல்லை. சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழையப் பயன்படும் ஓப்பன் எஸ்.எஸ்.ஹெச். 2022 ஏப்ரலிலேயே கலப்பு முறையை இயல்பு அமைப்பாக்கிவிட்டது. சிக்னல் செயலி 2023-இல் மாறியது. ஆப்பிளின் ஐமெசேஜும் குரோம் பிரவுசரும் 2024-இல். அதாவது உங்கள் ஊழியர் நண்பருக்கு அனுப்பும் பூனைப் படம் இன்று குவாண்டம் தாங்கும் பூட்டோடு போகிறது. அதே ஊழியர் உங்கள் வி.பி.என். வழியாக அனுப்பும் நோயாளிக் கோப்பு பெரும்பாலும் அப்படிப் போவதில்லை.

சிக்கலே இல்லை என்று சொன்னால் என் சக தொழிலாளர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். பழைய பரிமாற்றத்தில் ஒரு பொதுச்சாவி 32 பைட். எம்.எல்.-கெம் 768-இல் அது 1184 பைட். இணைப்பைத் தொடங்கும் முதல் வணக்கத்தில் இது ஏறிக்கொள்வதால், ஏறக்குறைய 1500 பைட் மட்டுமே பிடிக்கும் ஒரு பாக்கெட்டில் அடங்காமல் இரண்டாக உடைகிறது. தரநிலைப்படி இது தவறே இல்லை. ஆனால் வணக்கம் முழுவதும் ஒரே பாக்கெட்டில் வரும் என்று நம்பி எழுதப்பட்ட பழைய ஃபயர்வால்களும், இணைப்புகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்துவிடும் லோடு பேலன்சர்களும் இருக்கின்றன. நான் சோதித்துப் பார்த்த ஓரிடத்தில் பத்து இணைப்பில் ஒன்பது சரியாக இருந்தது. ஒன்று மட்டும் எந்தப் பிழைச்செய்தியும் காட்டாமல் தொங்கியது. நடுவில் இருந்த ஒரு பெட்டி இரண்டாவது பாக்கெட்டுக்குக் காத்திருக்கத் தெரியாமல் இணைப்பை விழுங்கிக்கொண்டிருந்தது என்று கண்டுபிடிக்க மூன்று நாள் ஆயிற்று. இந்த மூன்று நாளை இப்போதே நிதானமாகச் செலவிடலாம். இல்லையென்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் பதறி ஓடும்போது செலவிட வேண்டிவரும்.

கையொப்பங்கள் இன்னும் பருமன். 64 பைட்டாக இருந்தது குறைந்தபட்சம் 2420 ஆகிறது. நல்லவேளையாக, கையொப்பத்தைச் சேமித்து வைத்துப் பின்னால் உடைப்பதில் பெரிய லாபம் இல்லை. அந்த நேரத்தில் ஏமாற்றினால்தான் பயன். அதனால் சான்றிதழ்களைச் சற்றுப் பொறுத்து மாற்றலாம், சாவிப் பரிமாற்றம்தான் முதலில். ஒரு விதிவிலக்கு உண்டு: பதினைந்து இருபது வருஷம் ஓடப்போகும் கருவிகள். அவற்றின் ஃபர்ம்வேரை (கருவிக்குள்ளேயே இருக்கும் மென்பொருளை) சரிபார்க்கும் சாவி தொழிற்சாலையிலேயே பதிக்கப்படுகிறது. கையொப்பத்தைப் போலி செய்ய முடிந்தால் என்ன ஆகும் என்பதை 2012-இல் வெளிப்பட்ட ஃபிளேம் என்ற உளவு வைரஸ் காட்டியது, எம்.டி.5 என்ற பழைய ஹாஷ் முறையின் ஓட்டையை வைத்து மைக்ரோசாஃப்ட் கையெழுத்திட்டது போலவே தன்னைக் காட்டிக்கொண்டு அப்டேட் என்ற பெயரில் நுழைந்தது. எம்.டி.5 உடைந்தது என்று 2004-லேயே தெரியும். ஆகவே இந்த வருஷம் வாங்கும் கருவிக்குப் புதுக் கையொப்பம் வருமா என்று வாங்குவதற்கு முன்பே கேளுங்கள்.

கேட்கப் போனால் ஒரு கூட்டம் உங்களைச் சுற்றிக்கொள்ளும். ஒற்றை ஃபோட்டான்களால் சாவி அனுப்பும் கருவியைக் கொண்டுவந்து வைப்பார்கள். 1984-இல் பென்னட்டும் பிரசார்டும் சொன்ன அந்த யோசனை அழகான இயற்பியல், எனக்கும் பிடிக்கும். ஆனால் அதற்குத் தனி ஃபைபரோ நேர்க்கோட்டுப் பாதையோ வேண்டும், மறுமுனையில் இருப்பது யார் என்பதை அது தானாகச் சொல்லாது, உங்கள் வாடிக்கையாளரின் கைபேசிக்குள் அது போகாது. அமெரிக்க உளவு நிறுவனமான என்.எஸ்.ஏ.வும் பிரிட்டனின் இணையப் பாதுகாப்பு மையமான என்.சி.எஸ்.சி.யும் தங்கள் அரசுப் பயன்பாட்டுக்கு அதைப் பரிந்துரைக்கவில்லை என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கின்றன. இன்னொரு வகையினர் "எங்கள் சொந்த ரகசிய முறை, யாராலும் உடைக்க முடியாது" என்பார்கள். அவர்களுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

தேதி வேண்டும் என்று கேட்பீர்கள். நிஸ்டின் 2024 நவம்பர் வரைவின்படி, இன்று பரவலாக உள்ள 2048 பிட் ஆர்.எஸ்.ஏ. போன்றவை 2030-க்குப் பிறகு தவிர்க்கப்பட வேண்டியவை, 2035-க்குப் பிறகு தடை. பிரிட்டனின் என்.சி.எஸ்.சி. 2028-க்குள் எதெதை மாற்றுவது என்று கண்டறியச் சொல்கிறது, 2031-க்குள் அவசரமானவற்றை மாற்றச் சொல்கிறது, 2035-க்குள் எல்லாவற்றையும். இவற்றைப் பார்த்து 2034-க்கு ஒரு திட்டம் போட்டுவிடாதீர்கள். மரபணுக் கோப்பின் கணக்கு எந்தத் தேதிக்கும் கட்டுப்பட்டதல்ல.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏற்கெனவே நகலெடுக்கப்பட்டுவிட்ட தகவலை எந்தப் புதுப் பூட்டாலும் திரும்பப் பெற முடியாது. இன்று நீங்கள் மாற்றினால் காப்பாற்றப்படுவது இன்று முதல் போகிறவை மட்டும். அதனால்தான் ஒவ்வொரு மாதத் தாமதத்துக்கும் விலை இருக்கிறது, அந்த விலையைக் கொடுப்பது நீங்களும் இல்லை. அப்புறம், ஒரு மலிவான வழியை யாரும் பேசுவதே இல்லை: தேவையில்லாததைச் சேமிக்காதீர்கள், தேவையில்லாமல் அனுப்பாதீர்கள். கணக்கை மூடிப் பத்து வருஷமான ஒருவரின் அடையாள அட்டை நகல் எதற்காக தினமும் இரவு பேக்கப்பில் பயணம் செய்கிறது?

நான் கேட்பது பெரிய பட்ஜெட் இல்லை. இந்த மாதக் கூட்டத்தில் உங்கள் பாதுகாப்பு அதிகாரியிடம் ஒரே ஒரு கோப்பைக் கேளுங்கள்: நம்மிடம் எங்கெங்கே எந்த மறையாக்கம் ஓடுகிறது, அதன் வழியாகப் போகும் தகவல் எத்தனை வருஷம் ரகசியமாக இருக்க வேண்டும், அந்தப் பெட்டிக்கு யார் பொறுப்பு என்ற பட்டியல். கண்ணாடிக் கதவுப் பெட்டியும் அதில் இருக்க வேண்டும். "அப்படி ஒரு பட்டியல் இல்லை" என்று பதில் வந்தால், அதைத் தயாரிக்க ஓர் ஆளையும் ஒரு தேதியையும் அந்த மேசையிலேயே முடிவு செய்யுங்கள். கடைசி வரிசையில் யாராவது ஒருவர் கையைத் தூக்குவார். புரொஜெக்டருக்காக இல்லை, இந்த முறை அவரை முன்னால் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
சர்வர் அறையிலிருந்து ஒருவன்